ஓடைத் தண்ணீரில் நனைத்த நூல்கள்

அகல்யாவைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கும் உரிமை உள்ள ஒரே ஆள் அவள்தான். அவள் என் கடைப் படியேறி ஏழு மாதம் ஆகிறது. ஆனாலும் எழுதுகிறேன். ஆரணியில் ஆளாளுக்கு அவளைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறார்கள். "எங்கயோ இருந்து வந்து, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள தூண்டி உட்டு, ஒரு குடும்பத்தையே கெடுத்துட்டுப் போச்சு அந்தப் பொண்ணு" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கயோ இருந்தாம்! ஊர்க் கோடியில் ஏரிக்கரைக் காலனியில் பிறந்தவள் அவள். கெடுத்தது யார் என்பதும் எனக்குத் தெரியும்.

என் பெயர் பானுப்ரியா. தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு டைப் அடிப்பது, கலர் பிரிண்ட், லேமினேஷன், பட்டுப்புடவையில் கட்டுகிற சீட்டு அச்சடிப்பது எல்லாம் நான்தான். என் கலர் மெஷினின் கண்ணாடியில் ஒரு கீறல் உண்டு. எந்தத் தாளை வைத்தாலும் நகலின் வலது ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு விழும். மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று மூன்று வருஷம் ஓட்டினேன். "பானு கடை கோடு" என்று வாடிக்கைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

அகல்யா முதல் தடவை வந்தது ஒரு வெள்ளைக் கரடிப் படத்தை லேமினேஷன் செய்ய. பனிக்கட்டி மேல் நின்றுகொண்டு பாவமாகப் பார்க்கிற கரடி. சென்னையில் இருக்கிற ஒரு தொண்டு நிறுவனம் அவளை வேலைக்கு எடுத்திருந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். ஆரணி, களம்பூர், கண்ணமங்கலம் பக்கம் ஆறு அரசுப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பூமி சூடாவதைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும். வேதியியல் படித்து முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. அப்பா வேடியப்பன் களம்பூர் ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவர், அம்மா செல்லியம்மாள் கழனி வேலைக்குப் போகிறவர். அந்தக் காலனியில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் இவள்தான்.

அன்றைக்கு வெயிலில் வந்தவள் தண்ணீர் கேட்டாள். கடையில் ஸ்டீல் டம்ளர் இருந்தது. நான் பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்தேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்; காலனி என்று சொன்னாள், என் கை தானாகப் பேப்பர் கப்புக்குப் போயிற்று. அவள் கப்பையும் பார்த்தாள், டம்ளரையும் பார்த்தாள், குடித்துவிட்டு "தேங்க்ஸ்க்கா" என்றாள். வெட்கக்கேடு. பிறகு டம்ளரில்தான் கொடுத்தேன், ஆனால் அந்த முதல் நாளை எதைக் கொண்டு அழிப்பது?

வாரம் இரண்டு தடவை வருவாள். வந்தால் கடை கலகலவென்று ஆகிவிடும். சென்னையிலிருந்து அனுப்பிய கேள்வித்தாளை எனக்கு வாசித்துக் காட்டுவாள். 'நீங்கள் வருடத்துக்கு எத்தனை முறை விமானத்தில் பயணிக்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி.

"களம்பூர்ல ஒரு பொண்ணு இன்னா எழுதிகீது தெரியுமாக்கா? 'ஒரு முறை, கனவில்'. இன்னொண்ணு கேக்குது, மிஸ் அந்தக் கரடி கடிக்குமான்னு. நான் இன்னா சொல்ல?"

"கடிக்கும்னு சொல்லிட்டு வா, புள்ளைங்க பயந்துகினாவது படிக்கும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டாம் வருஷம் கார்த்திகையில் புயல் மழை பிடித்தது. இந்த ஊரில் பத்து நாள் பெய்ய வேண்டியது இரண்டே நாளில் கொட்டித் தீர்த்தது. ஊர்ப் பட்டுச் சாயப்பட்டறைகளின் தண்ணீரெல்லாம் சேர்ந்து ஓடுகிற ஓடை கரை உடைந்து ஏரிக்கரைக் காலனிக்குள் புகுந்தது. நாலு நாள் முழங்கால் ஆழம் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு காலனியின் ஒரே போர் பைப்பில் இளம் ரோஜா நிறத்தில் தண்ணீர் வந்தது. குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. செல்லியம்மாள் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார். அகல்யாவும் வேலைக்குப் போகுமுன் இரண்டு நடை சுமந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

அதோடு கரடியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள். வகுப்பில் போய் இப்படித்தான் ஆரம்பித்தாளாம்: "மழை எல்லார் ஊட்டு மேலயும் ஒண்ணாத்தான் பேயுது. பேஞ்சது எங்க போய் நிக்குது, யாரு ஊட்டுக்குள்ள பூருதுன்னு பாருங்க. அதான் நம்ம பாடம்." மழைக்குக் காரணம் சூடாகிற கடல் என்றால், அந்த மழை எந்தத் தெருவை விட்டுவிட்டு எந்தத் தெருவில் நிற்கிறது என்பதற்குக் காரணம் நாம்தானே என்று கேட்டாளாம். அந்த வகுப்பில் பதில் சொன்ன ஒரே பெண் லாவண்யா.

லாவண்யா ஒன்பதாம் வகுப்பு. என் தெருவுக்கு அடுத்த தெரு, வேணுகோபால் அண்ணன் மகள். சரியான வாயாடி. வேணுகோபால் சாயக்காரர். வீட்டுப் பின்கட்டில் இரண்டே தொட்டி வைத்து, புடவை நெய்யக் கொடுக்கிற முதலாளிகளுக்குப் பட்டு நூலில் சாயம் ஏற்றித் தருகிறவர். அரக்கு நிறத்தில் அவர் கைக்கு ஈடில்லை என்பார்கள். மகளைப் பிளஸ் டூ வரை கட்டாயம் படிக்க வைப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். லாவண்யாவோ அதற்கு மேலும் திட்டம் வைத்திருந்தாள். அகல்யா மிஸ் மாதிரி கெமிஸ்ட்ரி படித்து, ஓடைக்கு விடுகிற தண்ணீர் வெள்ளையாகவே போகிற மாதிரி ஒரு சாயம் கண்டுபிடிப்பாளாம்.

நிறுவனம் கொடுத்த தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியில் மருந்து தீர்ந்துபோயிருந்தது. சென்னைக்கு எழுதினால் 'அடுத்த காலாண்டில்' என்று பதில். அப்போது லாவண்யா சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

"அதுக்கு எதுக்கு மிஸ் பொட்டி? ஓடைத் தண்ணிய சொம்புல மொண்டு, ரெண்டு சொட்டு வினிகர் உட்டு, அடுப்புல வெச்சு வெள்ளப் பட்டு நூல முக்குனா, தண்ணியில கீற சாயத்தையெல்லாம் நூலு இஸ்துக்கும். எங்கப்பாவே மிச்சத் தண்ணியில அப்டித்தான் பாப்பாரு."

சாயக்காரர் வீட்டுப் பெண்ணைத் தவிர யாருக்கு இது தோன்றும்! நாற்பத்தியொரு நாள், தை மாசம் தொடங்கி, தினம் காலையில் லாவண்யாவும் அவள் கூட்டாளிகளும் ஓடையில் தண்ணீர் மொண்டு நூலை முக்கிக் காய வைத்து ஒரு பெரிய சார்ட்டில் ஒட்டினார்கள். கல்யாண சீசன், சாயத்தொட்டிகள் ஓயாத சமயம். நாற்பத்தியொரு நூல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி, நுரை உண்டா, நாற்றம் உண்டா, நிறத்தின் பெயர். அரக்கு, மயில் கழுத்து, கனகாம்பரம், ராமர் பச்சை. யாருடைய தொட்டி என்று அவர்கள் எழுதவே இல்லை. எழுதத் தேவையும் இல்லை. இந்த ஊரில் நிறத்தைக் காட்டினால் அது எந்தப் பட்டறைச் சரக்கு என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். முக்கால்வாசி நூல், சாயத்தோடு புடவை வியாபாரமும் செய்கிற ஊரின் பெரிய பட்டறையான தனசேகரன் பட்டறையின் நிறங்கள். ஆறு நாள் மட்டும் வேணுகோபாலின் அரக்கு.

"உங்கப்பா கலரு வேணாம்டி, அத்த எடுத்துடலாம்" என்று அகல்யா சொல்லிப் பார்த்தாள்.

"எடுத்தா மீதி முப்பத்தஞ்சும் பொய்யாயிடும் மிஸ்" என்றாளாம் லாவண்யா. பதினாலு வயசு!

சார்ட்டைப் பார்த்த காலனிப் பெண்கள் மனு கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். சுத்தமான தண்ணீருக்கு வேறு ஒரு போர் போட வேண்டும், ஓடையில் சாயம் விடுவதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் கேட்டது. அகல்யா பெயர் மனுவில் வரக்கூடாது, நிறுவனத்தின் விதி அது. அதனால் செல்லியம்மாள் முதல் கையெழுத்து. திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு முந்தின சனிக்கிழமை அகல்யாவும் லாவண்யாவும் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள்.

சார்ட்டின் அடியில் 'தயாரித்தவர்: வே. லாவண்யா, 9-ஆம் வகுப்பு, ஆ பிரிவு' என்று இருந்தது. பள்ளிக்கூட சார்ட் என்றால் பெயர் எழுதாமல் எப்படி? அதன்மேல் அகல்யா ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்திருந்தாள்.

"இது இன்னாத்துக்கு?" என்றேன்.

"புள்ள பேரு வாணாம்க்கா. பட்டறைக்காரங்க கண்ணுல பட்டா பேஜாராயிடும்."

பதினைந்து வருஷமாக மனு டைப் அடிக்கிறவள் நான். அந்தத் திமிர் எனக்கு. "இத பாரு அகல்யா, பேரில்லாத ஆதாரம் மொட்டை மனு மாதிரி. நேரா குப்பக்கூடைக்குத்தான் போவும். யாரு நூலு முக்குனாங்க, எந்தத் தெருன்னு இருந்தாத்தான் எடுத்துப்பாங்க. எத்தினி மனு பாத்தவ நான்!"

அகல்யா யோசித்தாள். நகத்தைக் கடித்தாள். அதற்குள் லாவண்யா, "போடுங்கக்கா, நான் செஞ்சதுதானே" என்று சொல்லி, தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பி உரித்துவிட்டாள். பெயரோடு விட்டேனா? 'ஆதாரம் தயாரித்தவர் முகவரி' என்று தலைப்புப் போட்டு, தகப்பன் பெயர், கதவு எண், தெரு எல்லாம் என் வாயாலேயே சொல்லிக்கொண்டு டைப் அடித்து, சார்ட்டில் அவள் பெயருக்குக் கீழே ஒட்டினேன். சார்ட்டை ஒரு தாள் அளவுக்குச் சுருக்கிக் கலரில் எடுத்து இணைத்தேன். ஓரத்தில் கோடு விழுந்தது. "பானு கடை முத்திரை" என்று லாவண்யா சிரித்தாள்.

மனு போய்ச் சேர்ந்து, எண் கொடுத்து, மேஜை மேஜையாக இறங்கி வந்தது. எந்த மேஜையிலிருந்து கைமாறியது என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது வாரம், காலை பதினோரு மணி இருக்கும், தனசேகரன் பட்டறை மேனேஜர் குப்புராஜ் கடைக்கு வந்தார். வழக்கமாகப் புடவைச் சீட்டுக்கு வருகிறவர். கையில் ஒரு தாள்.

"இன்னாம்மா பானு, இத்த இருவது காப்பி எடு. ஜல்தி. கலர்ல வேணும்."

வாங்கிப் பார்த்தேன். நாற்பத்தியொரு நூல். ஓரத்தில் என் மெஷின் கோடு. லாவண்யாவின் பெயருக்கும் முகவரிக்கும் கீழே யாரோ சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். 

"யாருக்குண்ணே இத்தினி?" என்றேன்.

"சாயம் போட நூலு குடுக்கிற மொதலாளிங்களுக்கெல்லாம் ஆளுக்கொண்ணு. யாரு ஊட்டுப் பொண்ணுன்னு அவங்களும் தெரிஞ்சிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து போனை நோண்டினார்.

டோனர் தீர்ந்து போச்சுண்ணே என்று சொல்லியிருக்கலாம். தினம் நாலு பேரிடம் சொல்கிற பொய்தான். கரண்ட் இல்லை என்றிருக்கலாம். எடுக்கமாட்டேன் என்றே சொல்லியிருக்கலாம், அடிக்கவா போகிறார்? ஆனால் கடைக்கட்டிடம் தனசேகரனின் மைத்துனருடையது, என் வேலையில் பாதி அவர்கள் தரும் சீட்டு. பயம். வேறென்ன. தாளைக் கண்ணாடியில் கவிழ்த்துப் போட்டு இருபது என்று அழுத்தினேன். மெஷின் துப்பிக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றிலும் பழைய கோட்டுக்குப் பக்கத்தில் புதுசாக இன்னொரு கோடு.

அவர் போன பிறகு போனை எடுத்தேன். அகல்யா எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று யோசித்தேன். நானே நகல் எடுத்துக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டுமே! நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்துவிட்டேன். மறுநாளும் அப்படித்தான். பதினோரு நாள் அப்படியே போயிற்று.

பன்னிரண்டாம் நாள் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் ஜீப் வந்தது. காலனிக்குப் போகவில்லை, அந்த ரோட்டில் ஜீப் போகாது. தாளில் இருந்த முகவரிக்கு வந்தது, நூல் முக்கினது யார் என்று விசாரிக்க. வந்தவர்கள் பின்கட்டைப் பார்த்தார்கள். இரண்டு தொட்டி. அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டார்கள். இரண்டு தொட்டி வைத்திருப்பவனிடம் ஏது சீட்டு? அரை மணி நேரத்தில் சீல் வைத்துவிட்டார்கள். பிறகு தனசேகரன் பட்டறைக்கும் போனார்களாம். அங்கே எல்லாச் சீட்டும் இருந்தது, சுத்திகரிப்புத் தொட்டியும் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது. டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

அகல்யா பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள். வேணுகோபால் வீட்டு வாசலில் தெருவே நின்றது. நானும் நின்றேன், கூட்டத்துக்குப் பின்னால். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நீ நல்லதுதாம்மா நெனச்ச. எங்க தண்ணியும்தான் அங்க வருதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா எங்க ஊட்டு அட்ரஸ எழுதிக் குடுத்துட்டியேம்மா. நாலு நாளா எவனும் நூலு குடுக்கல. இன்னாத்துக்குன்னு இப்பத்தானே புரியுது."

அகல்யா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "நான் போய்ப் பேசறேங்க, நான் போய்ப் பேசறேங்க" என்று அதையே சொன்னாள். அட்ரஸ் எழுதச் சொன்னது பானு அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். நானும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவள் ஏறாத ஆபீஸ் இல்லை. போகிற இடமெல்லாம் 'சம்பந்தப்பட்டவர் வரட்டும்' என்றார்கள். சென்னையில் அவளுடைய மேலாளர் கிரண் என்று ஒருவர். அவர் பேசினதை என் கடையில் வைத்துத்தான் கேட்டாள், ஸ்பீக்கரில். "நாம கல்விதான் செய்யறோம் அகல்யா. மனு குடுக்கறது நம்ம வேலை இல்ல. பசங்க பேர் வெளிய வந்திருக்கு, இது பெரிய தப்பு. மே மாசத்துக்கு மேல ஒப்பந்தத்த நீட்டிக்க முடியாது." பிறகு, "அந்த நூல் சார்ட் ரொம்ப அழகா இருக்கு, நல்ல போட்டோ ஒண்ணு அனுப்பறீங்களா, ஆண்டறிக்கை அட்டைக்கு வெச்சுக்கலாம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனைப் பிடுங்கி இரண்டு கேட்டிருப்பேன். அகல்யா "சரிங்க சார்" என்றாள்.

சித்திரையில் ஒரு நாள் வேணுகோபாலும் லாவண்யாவும் கடைக்கு வந்தார்கள். தனசேகரன் தரப்பில் பேசி முடித்திருந்தார்கள். புகார் தவறானது, நூல்களை விளையாட்டாக வீட்டுச் சாயத்தில் முக்கி ஒட்டினேன், ஓடைத் தண்ணீர் இல்லை என்று பிள்ளை எழுதிக் கொடுத்துவிட்டால், வேணுகோபாலுக்குப் பட்டறையில் தினக்கூலி வேலை. காலனிப் பெண்களின் மனுவுக்கு அந்த சார்ட் ஒன்றுதான் ஆதாரம் என்பது எல்லோருக்கும் தெரியும். வேணுகோபாலுக்கும் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் டைப் அடித்தேன். வாயாடிப் பெண் வாயைத் திறக்கவே இல்லை. கடைசியில் மட்டும், "பேரு பெருசா போடுங்கக்கா. இல்லனா மொட்டை மனுன்னு குப்பையில போட்டுடுவாங்க" என்றாள். குத்திக் காட்டினாளா, நிஜமாகவே சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பெரிதாகத்தான் போட்டேன்.

ஜூனில் பள்ளி திறந்தபோது லாவண்யா பத்தாம் வகுப்புக்குப் போகவில்லை. கண்ணமங்கலத்தில் மாமா வீட்டுத் துணிக்கடையில் புடவை மடித்து வைக்கிறாள். மனுவின் மேல் 'ஆதாரமற்றது' என்று எழுதி முடித்துவிட்டார்கள். போர் தண்ணீர் இன்னும் ரோஜா நிறம்தான். செல்லியம்மாள் இன்னும் சுமக்கிறார்.

அந்த வாரம்தான் அகல்யா கடைசியாக வந்தாள். இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குப் போகிறாளாம், சான்றிதழ்களுக்கு நகல் வேண்டும் என்றாள். ஆளே பாதியாகிவிட்டாள். டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கவுண்டர் மேல் விரித்தாள். நாற்பத்தியொரு நூல், சிவப்பு அடிக்கோடு.

"இத்த எங்க ஊட்டு வாசல்ல போட்டுட்டுப் போயிருந்தாங்கக்கா. பங்குனியிலயே, ஜீப் வந்துட்டுப் போன மறுநாளு. மனுவுல வெச்ச தாளுல ஒரு கோடுதான் இருந்திச்சு. இதுல ரெண்டு இருக்குது."

மூன்று மாதமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என் கடைக்கு வந்து, என் ஸ்டூலில் உட்கார்ந்து, என் எதிரில் கிரணோடு பேசியிருக்கிறாள். நானே வாய் திறப்பேன் என்று காத்திருந்திருக்கிறாள்.

"எத்தினி காப்பிக்கா?"

"இருவது."

"ஜீப் வரதுக்கு எத்தினி நாள் முன்ன?"

"பதினோரு நாள்."

அவள் தாளைத் திரும்ப மடித்தாள். "பதினோரு நாள் இருந்திச்சு" என்றாள். "ஒரு போன் பண்ணியிருந்தா மனுவ நானே போய்த் திருப்பி வாங்கிகினு வந்திருப்பேனே. லாவண்யா படிச்சிகினு இருந்திருக்குமே அக்கா."

"பயந்துட்டேன்டி" என்றேன். அதைச் சொல்லும்போது அழுதேன். அவள் அழவில்லை. சான்றிதழ் நகல்களை வாங்கிக்கொண்டாள், ஒவ்வொன்றின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள், பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மறுநாளே ஆளை வரச்சொல்லி மெஷின் கண்ணாடியை மாற்றினேன். இப்போதும் குப்புராஜ் வருகிறார், புடவைச் சீட்டு கேட்கிறார், அடித்துக் கொடுக்கிறேன். தாள்கள் சுத்தமாக வருகின்றன. எது என் கடையில் எடுத்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.